முதுநிலை மருத்துவர்களின் பணிநேரத்துக்கு எழுத்தில் ஒரு வரம்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் முதுநிலை மாணவர்கள் எத்தனை மணி நேரம் தொடர்ந்து பணியாற்றலாம் என்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வந்துகொண்டிருக்கும் வாசகர் கடிதங்களைப் படித்து வருகிறேன். மருத்துவர்கள் படும் சிரமத்தை எடுத்துச் சொல்லும் கடிதங்களும், உயிர் காக்கும் தொழிலுக்கு வந்தவர்கள் கடிகாரத்தைப் பார்க்கலாமா என்று கேட்கும் கடிதங்களும் அவற்றில் இருந்தன. இரு தரப்பினரும் மருத்துவரின் உழைப்பைப் பற்றியே பேசுகிறார்கள். முதுநிலைப் படிப்பின் மூன்று ஆண்டுகளில் அவர் எதைக் கற்றுக்கொண்டு வெளியே வருகிறார், அவரிடம் பிற்காலத்தில் வரப்போகும் நோயாளிகளுக்கு அதனால் என்ன நேரும் என்பதை யாரும் எழுதவில்லை. சென்னையிலுள்ள ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவத்தில் எம்.டி. முடித்து, இப்போது ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பணியாற்றும் பெண் மருத்துவர் என்ற முறையில் அதைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

இந்தப் பயிற்சி எப்படி நடக்கிறது என்பது வெளியே உள்ளவர்களுக்கு அதிகம் தெரியாது. எம்.பி.பி.எஸ். முடித்து, நீட் முதுநிலைத் தேர்வின் வழியாகச் சேரும் ஒருவர், பொது மருத்துவத் துறையில் ஒரு யூனிட்டில் இடம்பெறுகிறார். யூனிட்டுக்குத் தலைவராக ஒரு பேராசிரியர், அவருக்குக் கீழே உதவிப் பேராசிரியர்கள், அவர்களுக்குக் கீழே மூன்று ஆண்டுகளையும் சேர்ந்த முதுநிலை மாணவர்கள், அவர்களுக்கு உதவியாக ஹவுஸ் சர்ஜன்கள் எனப்படும் எம்.பி.பி.எஸ். பயிற்சி மருத்துவர்கள் என்று அமைப்பு இருக்கும். அந்த யூனிட்டுக்கென்று ஒதுக்கப்பட்ட அட்மிஷன் நாளில், காலை தொடங்கி மறுநாள் காலை வரை சேர்க்கப்படும் பொது மருத்துவ நோயாளிகள் அனைவரும் அந்த யூனிட்டின் பொறுப்பு. அன்றைய இரவில் முதலில் நோயாளியைத் தொட்டுப் பார்ப்பவரும், கேஸ் ஷீட் எழுதுபவரும், மருந்தைத் தொடங்குபவரும் பெரும்பாலும் முதலாண்டு மாணவர்தான். இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் அவருக்கு மேலே நின்று முடிவுகளைச் சரிபார்ப்பார்கள்.

இந்தப் பயிற்சியைக் குறை கூறுவது என் நோக்கமன்று. நம் பெருநகர அரசு மருத்துவமனைகள் தரும் பொது மருத்துவப் பயிற்சிக்கு ஈடானதை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஒரே இரவில், சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறி இரத்தம் அமிலமாகி மயங்கிய இளைஞரும், பூச்சிமருந்து குடித்த குடும்பத் தலைவியும், மழைக்காலமென்றால் எலிக்காய்ச்சலில் சிறுநீரகம் செயலிழந்த துப்புரவுத் தொழிலாளியும், பக்கவாதம் வந்து நேரம் கடந்துபோன முதியவரும் அடுத்தடுத்த படுக்கைகளில் கிடப்பார்கள். தரையில் படுத்து உறங்கியவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருவார். உடம்பில் கடிவாய் எதுவும் தெரியாது. சற்று நேரத்தில் இமைகள் தாமாக மூடத் தொடங்கும். கட்டுவிரியனின் கடி அப்படித்தான் இருக்கும் என்பதை நேரில் பார்த்த மருத்துவர், பிறகு எந்த ஊரில் எந்த நேரத்தில் அந்த இமைகளைக் கண்டாலும் சுவாசக் கருவியைத் தயார் செய்யச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த கேள்வியைக் கேட்பார். கண்ணாடிவிரியன் போன்ற பாம்புகளின் கடியில் இரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடச் சோதனைக்கு, சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை எடுத்து அசைக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பதைப் புத்தகம் சொல்லும். ஆனால் ஆளும் வெளிச்சமும் குறைந்த ஒரு வார்டில் அதை ஒழுங்காகச் செய்து முடிக்கும் பழக்கம் அரசு மருத்துவமனையில்தான் வரும். நோயாளி ஏழையாக இருப்பதால் தாமதமாக வருகிறார். தாமதமாக வருவதால் நோய் தன் முழு உருவத்தையும் காட்டிவிடுகிறது. அதிலிருந்து நாங்கள் கற்கிறோம். அந்தக் கடனை உணர்ந்தவர்கள்தான் இந்தப் பயிற்சியைச் சீர்செய்யக் கோருகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

பயிற்சியின் உயிர்நாடி அட்மிஷன் நாளின் இரவில் இல்லை, அதற்கடுத்த காலையில்தான் இருக்கிறது. இரவு சேர்ந்த ஒவ்வொரு நோயாளியின் அருகிலும் நின்று, அவரைப் பற்றி யூனிட் தலைவரிடம் எடுத்துரைத்து, ஏன் இந்த நோய் என்று நினைத்தாய், வேறு எதுவாக இருக்கலாம், ஏன் இந்த மருந்து, இதை ஏன் கொடுக்கவில்லை என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்வதில்தான் ஒரு மாணவர் மருத்துவராகிறார். அந்த ரவுண்ட்ஸின்போதுதான் அவர் 24 மணி நேரத்துக்கும் மேலாக விழித்திருக்கிறார். காசநோயால் இதயத்தின் மேலுறை இறுகிப்போன ஒரு நோயாளியின் கழுத்தைக் காட்டி, மூச்சை உள்ளிழுக்கும்போது இறங்க வேண்டிய சிரைத் துடிப்பு இவருக்கு ஏன் ஏறுகிறது என்று என் பேராசிரியர் ஒரு காலையில் விளக்கியது எனக்கு நினைவிருக்கிறது. அவர் விளக்கினார் என்பது மட்டுமே நினைவிருக்கிறது. அன்று மாலை புத்தகத்தைத் திறந்தபோது அவர் சொன்னதில் ஒரு வாக்கியம்கூட மனத்தில் நிற்கவில்லை. அந்த அரிய நோயாளியும் அந்த ஆசிரியரும் ஒரே படுக்கையருகில் கிடைத்த அந்த வேளையைத் தூக்கமின்மை தின்றுவிட்டது. ஒவ்வொரு யூனிட்டிலும், ஒவ்வொரு அட்மிஷன் நாளுக்கு மறுநாளும், இது நடந்துகொண்டேயிருக்கிறது.

தூக்கமின்மை என்பது மனஉறுதியால் வெல்லக்கூடிய ஒன்று என்ற எண்ணம் நம் துறையில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. 1997-இல் நேச்சர் இதழில் வெளியான ஓர் ஆய்வின்படி, 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கை, கண், மூளை ஒருங்கிணைப்பு, இரத்தத்தில் 0.05 சதவீத மது கலந்திருப்பவரின் அளவுக்குக் குறைகிறது. 24 மணி நேரத்தில் அது ஏறத்தாழ 0.10 சதவீதத்துக்கு நிகராகிறது. நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் வாகன ஓட்டிக்கு அனுமதிக்கும் உச்ச அளவு 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். சாலையில் ஸ்கூட்டர் ஓட்டச் சட்டம் அனுமதிக்காத நிலைக்கு இணையான நிலையில் இருக்கும் ஒருவரிடம், இதயத்தை அடையும் பெரிய சிரையான மத்தியச் சிரையில் ஊசி ஏற்றும் பொறுப்பையும், பூச்சிமருந்து குடித்தவருக்குச் சில நிமிடங்களுக்கொருமுறை நெஞ்சொலியைக் கேட்டு அட்ரோபின் என்ற முறிவு மருந்தின் அளவைக் கூட்டும் பொறுப்பையும் நாம் ஒப்படைத்திருக்கிறோம்.

பாஸ்டன் நகரின் பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் முதலாண்டுப் பயிற்சி மருத்துவர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2004-இல் வெளியான ஆய்வு, 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட பழைய பணிமுறையில், அதைச் சுருக்கிய பணிமுறையைவிடக் கடுமையான மருத்துவப் பிழைகள் 36 சதவீதம் அதிகமாக நிகழ்ந்ததைக் காட்டியது. அமெரிக்காவில் இந்த விவாதம் அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. 1984-இல் நியூயார்க்கில் 18 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்த சில மணி நேரத்திலேயே இறந்தார். அவரைக் கவனித்த பயிற்சி மருத்துவர்களின் நீண்ட பணிநேரமும், மூத்தவர்களின் மேற்பார்வை இல்லாமையும் அப்போது பொதுவெளியில் கேள்விக்குள்ளாயின. ஒரு குழு அமைக்கப்பட்டு, அதன் பரிந்துரைப்படி 1989-இல் நியூயார்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம், தொடர்ச்சியாக 24 மணி நேரம் என்ற வரம்புகளை விதித்தது. 2003-இல் வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற வரம்பு அந்த நாடு முழுவதற்கும் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு வாரத்துக்கு 48 மணி நேரம்.

நம்மிடம் விதியே இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மத்திய சுகாதார அமைச்சகம் 1992-இலேயே, முதுநிலை மாணவர்களை உள்ளடக்கிய உறைவிட மருத்துவர்களின் தொடர்பணி சாதாரணமாக 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எழுதி வைத்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகியும் அந்தத் தாளுக்கும் வார்டுக்கும் தொடர்பு ஏற்படவில்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு முதுநிலை மருத்துவக் கல்வி ஒழுங்குமுறைகள், மாணவர்கள் முழுநேர உறைவிட மருத்துவர்களாகப் பணியாற்ற வேண்டும், அவர்களுக்கு நியாயமான பணிநேரமும் நியாயமான ஓய்வும் அளிக்கப்பட வேண்டும் என்று கூறுகின்றன. வார விடுமுறையும் ஆண்டுக்கு 20 நாள் தற்செயல் விடுப்பும் அதில் உண்டு. ஆனால், எத்தனை மணி நேரம் என்ற எண் அதில் இல்லை. எண் இல்லாத விதியை யாரும் மீறியதாகக் காட்ட முடியாது. மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றி அதே ஆணையம் அமைத்த தேசியப் பணிக்குழு 2024-இல் வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. 74 என்பதே பெரிய எண்தான். ஆயினும் அதுவாவது விதியாக வேண்டும் என்று கோரும் நிலையில் நாம் இருக்கிறோம்.

பணிநேரத்தைக் குறைத்தால் பயிற்சி நீர்த்துப்போகும் என்று மூத்த பேராசிரியர்கள் சொல்வதை நான் எளிதாக ஒதுக்க மாட்டேன். நோயாளி சேர்ந்த முதல் மணி நேரத்திலிருந்து நெருக்கடி தணியும் வரை உடனிருந்து பார்த்தவருக்கு நோயின் போக்கு மனத்தில் பதிவதுபோல், துண்டு துண்டாகப் பார்ப்பவருக்குப் பதியாது என்பது உண்மை. அமெரிக்காவில் 63 பொது மருத்துவப் பயிற்சித் திட்டங்களில் நடந்து 2019-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், ஒரு ஷிஃப்டின் நீளத்தில் தளர்வு அளிக்கப்பட்ட இடங்களில் நோயாளிகளின் 30 நாள் இறப்பு விகிதம் மோசமாகவில்லை என்பதும் உண்மை. இந்த ஆய்வை மேற்கோள் காட்டுபவர்கள் இரண்டு விஷயங்களைச் சேர்த்தே சொல்ல வேண்டும். வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற உச்சவரம்பு அந்த ஆய்வில் தளர்வு பெற்ற இடங்களுக்கும் பெறாத இடங்களுக்கும் பொதுவாக இருந்தது. மேலும், அங்கே பயிற்சி மருத்துவர் நோயாளியின் இரத்த மாதிரியைக் கையில் எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடவில்லை.

இந்த இரண்டாவது விஷயம்தான் என் கடிதத்தின் மையம். நான் பயின்ற இடத்தில், இரவில் பல வார்டுகளுக்குச் சேர்த்து ஒரே மருத்துவமனைப் பணியாளர் இருப்பார்; அவரும் ஏதேனும் ஒரு ஸ்ட்ரெச்சரோடு போயிருப்பார். சர்க்கரை மிகுந்து இரத்தம் அமிலமான நோயாளிக்கு மணிக்கொருமுறை சர்க்கரையும், சில மணி நேரத்துக்கொருமுறை பொட்டாசியமும் பார்த்தாக வேண்டும். பொட்டாசியம் குறைந்திருக்கும்போது இன்சுலினைத் தொடர்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். அந்தப் பொட்டாசியத்துக்கான இரத்தத்தை எடுப்பதும், அதை வேறொரு கட்டடத்திலுள்ள ஆய்வகத்துக்குக் கொண்டுபோவதும், முடிவு வந்துவிட்டதா என்று திரும்பத் திரும்பக் கேட்பதும், தாளை வாங்கி வருவதும் முதுநிலை மாணவரோ ஹவுஸ் சர்ஜனோ செய்த வேலைகள். இரத்த வங்கிக்குப் போவது, சிடி ஸ்கேன் அறைக்கு நோயாளியோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது, காப்பீட்டுத் திட்டத்துக்கான முன் அனுமதிப் படிவங்களை நிரப்புவது, ஒரே விவரத்தை மூன்று பதிவேடுகளில் எழுதுவது ஆகியவையும் அப்படியே. சுவாசக் கருவியில் உள்ள நோயாளியை ஸ்கேனுக்குக் கொண்டுபோகும்போது மருத்துவர் உடன் போகத்தான் வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. மற்ற வேலைகளில் எம்.பி.பி.எஸ். பட்டம் தேவைப்படும் பகுதி எது என்று நிர்வாகத்தைக் கேட்டால் பதில் இருக்காது.

இந்த வேலைகளை எடுத்துவிட்டு ஒரு முதுநிலை மாணவரின் இரவைப் பாருங்கள். நோயாளியிடம் பேச, முழுதாகப் பரிசோதிக்க, அவருடைய மனைவியிடமோ மகனிடமோ உட்கார்ந்து நோயின் நிலையை விளக்க அவருக்கு நேரம் கிடைக்கும். மருத்துவமனைகளில் நடக்கும் தாக்குதல்கள் பற்றி நாம் வருந்துகிறோம். காவலர்களைக் கூட்டுகிறோம், கருவிகளைப் பொருத்துகிறோம். அவையும் தேவைதான். ஆனால், தன் அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று நள்ளிரவிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் மகனுக்குப் பத்து நிமிடம் ஒதுக்க முடியாத மருத்துவரும், அந்தப் பதில் கிடைக்காத மகனும் ஒரே பற்றாக்குறையால் எதிரெதிரே நிறுத்தப்படுகிறார்கள் என்பதே வார்டுக்குள்ளிருந்து நான் கண்டது.

ஆகவே, பணிநேரத்தைக் குறைப்பதையும், மருத்துவரல்லாதோர் செய்யக்கூடிய வேலையை அவரிடமிருந்து எடுப்பதையும் சேர்த்தே செய்ய வேண்டும். மாதிரிகளைக் கொண்டுசெல்லவும் முடிவுகளைக் கொண்டுவரவும் ஒவ்வொரு தளத்துக்கும் இரவுப் பணியாளர்கள், இரத்தம் எடுக்கப் பயிற்சி பெற்ற ஆய்வக உதவியாளர்கள், படிவங்களுக்கு ஓர் எழுத்தர் ஆகியோரை நியமிக்க ஆகும் செலவு, புதிய கட்டடமோ கருவியோ வாங்குவதற்கு ஆகும் செலவோடு ஒப்பிடத் தக்கதன்று.

அட்மிஷன் நாளில் பகல் அணி, இரவு அணி என இரண்டாகப் பிரித்து, இரவு அணியினர் மாலையில் தூங்கியெழுந்து வருபவர்களாக இருக்கும்படி அட்டவணை அமைக்கலாம். அப்படிச் செய்தால், மறுநாள் ரவுண்ட்ஸில் தாம் சேர்த்த நோயாளிகளைப் பற்றி இரவு அணியினர் தெளிந்த மனத்தோடு எடுத்துரைத்துவிட்டுப் போவார்கள். பகல் அணியினரும் முதல் நாள் தாம் பார்த்தவர்களை அதே காலையில் மீண்டும் பார்ப்பார்கள். நோயின் முதல் இரவைத் தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பு யாருக்கும் அறவே போய்விடாது. நாள்கள் சுழற்சியில் மாறும்போது மூன்று ஆண்டுகளில் ஒவ்வொருவருக்கும் அது போதிய அளவு கிடைக்கும்.

அணிகள் மாறும்போது ஒப்படைப்பு சரியாக நடக்காவிட்டால் இந்த ஏற்பாடு ஆபத்தாக முடியும் என்பதையும் நான் மறைக்கவில்லை. நம் வார்டுகளில் பணி ஒப்படைப்பு என்பது பெரும்பாலும் மாடிப்படியிலோ வாட்ஸ்அப் குழுவிலோ நடக்கிறது. நோயாளியின் நிலை எவ்வளவு கடுமை, இதுவரை நடந்தது என்ன, அடுத்து செய்ய வேண்டியது என்ன, எது நேர்ந்தால் என்ன செய்வது, கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்தாரா என்ற ஒழுங்கில் ஒப்படைக்கும் முறையை அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள 9 மருத்துவமனைகளில் குழந்தை நலப் பயிற்சி மருத்துவர்களுக்குக் கற்பித்துப் பார்த்தபோது, மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்ததாக 2014-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. இதற்குத் தேவைப்படுவது ஒரு மேசையும், அரை மணி நேரமும், அருகில் அமரும் ஓர் உதவிப் பேராசிரியரும்தான். முதுநிலை மாணவர்களின் பதிவேட்டில் எத்தனை நடைமுறைகளைச் செய்தார் என்று எழுதச் சொல்கிறோம்; எத்தனை நோயாளிகளை முறையாக ஒப்படைத்தார் என்பதையும் அதில் சேர்க்கலாம்.

ஓய்வறை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தாவின் ஆர்.ஜி.கர் மருத்துவமனையில், இரவுப் பணியின் நடுவே கருத்தரங்க அறையில் ஓய்வெடுக்கச் சென்ற முதுநிலை மாணவி கொடூரமாகக் கொல்லப்பட்டார். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அந்த வழக்கை எடுத்து, மருத்துவர்களின் பாதுகாப்புக்காக ஒரு தேசியப் பணிக்குழுவை அமைத்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது, நாங்களும் பரிசோதனை மேசை மீதும், பழைய கேஸ் ஷீட்டுகள் அடுக்கிய அறையிலும் தலை சாய்த்திருக்கிறோமே என்று நினைக்காத பெண் மருத்துவர் இந்த நாட்டில் இருந்திருக்க மாட்டார். வார்டுக்கு அருகிலேயே, உள்ளே தாழிடக்கூடிய, கழிப்பறையுடன் கூடிய, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியான அறை ஒவ்வொரு மருத்துவத் தளத்திலும் இருக்கிறதா என்று ஒருமுறை நேரில் சென்று பார்த்து அரசு அறிக்கை வெளியிட வேண்டும்.

தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிப்படி முதுநிலை மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைகளில் பயிற்சி பெற வேண்டும். அப்படி எங்களிடம் வருபவர்களை நான் பார்க்கிறேன். அவர்களுடைய கைகள் தேர்ந்தவை. எந்த நெருக்கடியிலும் பதறாதவை. ஆனால், ஒரு முதியவரின் முழங்கால் வலியையும் களைப்பையும் இருபது நிமிடம் கேட்டு, அவர் வாங்கி விழுங்கும் மாத்திரைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எதை நிறுத்தலாம் என்று யோசிக்கும் பழக்கம் அவர்களுக்கு இங்கே வந்த பிறகுதான் தொடங்குகிறது. சில வாரங்கள் ஒழுங்காகத் தூங்கிய பிறகு அவர்கள் கேட்கும் கேள்விகளின் தரமே மாறிவிடுகிறது. இதே மாணவர்கள் தங்கள் கல்லூரியிலும் இப்படிக் கேட்டிருக்க முடியும் என்பதை நினைக்கும்போதுதான் எனக்கு ஆதங்கம் அதிகமாகிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 முதல் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டு வாசலிலேயே மாத்திரை கொடுத்து வருகிறது. அந்த மாத்திரைகளின் அளவைச் சரியாக முடிவு செய்யவும், சிக்கலானவர்களைக் கண்டறியவும் பொறுமையாகச் சிந்திக்கக்கூடிய பொது மருத்துவர்கள் இந்த மாநிலத்துக்கு வேண்டும்.

தமிழக அரசுக்கும், மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்துக்கும் தங்கள் நாளிதழ் வழியாக நான் வைக்கும் கோரிக்கை இதுதான். தொடர்பணி எத்தனை மணி நேரம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதை எண்ணாக எழுதி ஓர் அரசாணை வெளியிட வேண்டும். தொடர்பணிக்கு முதற்கட்டமாக 24 மணி நேரத்தை உச்சவரம்பாக வைத்து, பின்னர் 1992-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின் 12 மணி நேரத்தை நோக்கி நகரலாம். ஒவ்வொரு யூனிட்டின் பணி அட்டவணையும் வார்டு வாசலில் ஒட்டப்பட வேண்டும். வார விடுமுறை உண்மையில் கிடைத்ததா என்பதை மாணவரே, பெயர் வெளிவராமல், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவிக்க வழி இருக்க வேண்டும். தன் தேர்வு மதிப்பெண்ணும் ஆய்வேட்டின் கையொப்பமும் யாருடைய கையில் இருக்கின்றனவோ அவரிடமே போய் ஒரு மாணவர் புகார் கொடுக்க மாட்டார் என்பதால்தான் இதைக் கேட்கிறேன். இரவு நேர ஆய்வகப் பணியாளர்களையும், முறையான ஒப்படைப்புக்கான அரை மணி நேரத்தையும் அரசாணைக்காகக் காத்திராமல் கல்லூரி முதல்வர்களே ஏற்பாடு செய்யத் தொடங்கலாம். அடுத்த முதலாண்டு மாணவர்கள் வார்டுக்குள் வருவதற்கு முன் அது நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
பொது மருத்துவர் ஒருவர்,
மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனை.
(பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)